காதைப் பிடித்துக் கேட்ட கேள்வி

அன்பு மகன் சாஹித்துக்கு, ஜெலுத்தோங்கிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் நலம், உன் தங்கை ஐனாவும் நலம் என்று இந்த முறை மனம் கூசாமல் எழுதுகிறேன். டப்ளின் குளிரில் நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

ஹைக்கல் வீட்டார் நிச்சயத்தை முறித்ததிலிருந்து ஐனா எங்களோடு பேசாதது உனக்குத் தெரியும். புக்கிட் தெங்கா பேக்டரிக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிட்டியா என்று கேட்டால் சுவரைப் பார்ப்பாள். தமிழில் கேட்டு அலுத்து, மலாயில் கேட்டு அலுத்துத்தான், சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் மேசைக்கடியில் உட்கார்ந்து உண்டாக்கிய அந்தப் பாஷையில் சாப்பிட்டீங்களா என்று எப்படிக் கேட்பது என உன்னிடம் கேட்டேன். கிஸ்மு நெரா வூ என்று அனுப்பினாய். மரியாதைக்கு வலது காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு இழுப்பது போலாகிவிடும் என்றும் சொன்னாய். நல்ல பாஷை கண்டுபிடித்தீர்கள் போ!

வியாழக்கிழமை சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளப் புளி கரைத்து மீன் ஆணம் காய்ச்சினேன். ஒரு கையில் சோற்றுத் தட்டு, இன்னொரு கையில் ஆணச் சட்டி. அவள் அறை வாசலில் போய் நின்ற பிறகுதான் காதைப் பிடிக்கக் கை இல்லையே என்று உறைத்தது. அத்தாவைக் கூப்பிட்டு, என் காதைப் பிடிங்க என்றேன். அந்த மனுஷர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்து பிடித்தார், அதுவும் இடது காதை. அப்படியே நின்று கேட்டேன். கதவைத் திறந்து பார்த்தவள், அய்யோ அத்தா, அது ராங் சைடு லா என்று சொல்லிச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பிறகு அழுதாள். பிறகு உங்கள் பாஷையில் என்னவோ நீளமாகச் சொன்னாள். நீ கேள்வியை மட்டும்தானே அனுப்பினாய், பதில் எனக்கு எங்கே புரியும்? ஆனால் தட்டை வாங்கிக்கொண்டாள், மறுசோறும் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

பார்சலில் மீன் கறித்தூள் இருக்கிறது, காற்றுப் படாமல் வை. தங்கைக்குப் போன் போடு, ஹைக்கல் பேச்சை மட்டும் எடுக்காதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தருவானாக.

ஒன்று மறந்துவிட்டேன். நீயும் இப்போதெல்லாம் நான் எதைக் கேட்டாலும் ம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய். கிஸ்மு நெரா வூ, தம்பி? இடது கையால் வலது காதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பதிலை மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லு.

உன் அம்மா,
ரொஸ்னா