குளோரின் வாசம் இல்லாத தரை

சாந்தியாகோ,
வியாழன்.

அம்மாவுக்கு வில்மரின் வணக்கம். கினோவாத் தானியம் புடைக்கும்போது வரும் தும்மல் குறைந்ததா? மூக்கில் துணி கட்டச் சொன்னால் நீ கேட்க மாட்டாய்.

விடுதியில் ஒரு சின்ன விஷயம். முதலாளி தோன் ரூபேன் சமையலறைத் தரையில் குளோரின் திரவத்தை ஊற்றி, இன்னும் சுத்தமாகட்டும் என்று அதன்மேலேயே வினிகரையும் ஊற்றினார். விஷவாயு கிளம்பியது. அவரை வெளியே இழுத்து வந்தேன். எனக்குக் கொஞ்சம் இருமல், இப்போது இல்லை.

மறுநாள் நீ கொடுத்த கினோவாத் தோல்தூளை வெந்நீரில் சோப்புப் போல நுரைக்க அடித்து, தரைப் பிசுக்கு முழுவதையும் தேய்த்து எடுத்தேன்.

“ஏய் மலைக்காரா, குளோரின் வாசம் வரலன்னா வர்றவன் எப்படிடா சுத்தம்னு நம்புவான்?”

“காலை வச்சுப் பாருங்க, தோன் ரூபேன். வழுக்குதா?”

“நாளைக்குக் குளோரின் ஊத்து. இல்லன்னா பெட்டியைக் கட்டு.”

“ஊத்த மாட்டேன். பெட்டியும் கட்ட மாட்டேன்.”

இன்றும் என் நுரை வாளியோடுதான் போனேன். திட்ட வாயைத் திறந்தார், அவருக்கு இருமல்தான் வந்தது.

தூள் ஒரு பிடிதான் மிச்சம். அது தீர்ந்தால் அவர் ஜெயித்துவிடுவார். இரண்டு கிலோ அனுப்பு. நீ முதுகில் சுமை கட்டும் துணியிலேயே மூட்டை கட்டு. நம் ஊர்ப் பக்கம் கிளம்பும் ஊயுனி பஸ்ஸின் டிரைவர் இந்தக் கடிதத்தை வாங்கக் கை நீட்டுகிறார். துணியைத் துவைக்காதே, உன் வாசத்தோடு அப்படியே அனுப்பு.

வில்மர்