மூன்றாவது தட்டு

லயத்து வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள். பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்து, அந்தக் காரமான ஈரவாடை பள்ளிக்கூடம் வரை ஏறி வந்தது. நான் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டீச்சருக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று பிள்ளைகள் நினைத்திருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோரு வருடமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். தள்ளிப்போடுவதில் நாம் இருவரும் கெட்டிக்காரிகள்தானே.

பெல்மதுளைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு நீயும் நானும் ஒரே நாளில் ஆசிரியைகளாக வந்தோம். பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கிடையாது. மலையில் கொழுந்து பறிக்கும் நம் அம்மாமார் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நாமும் அதையே மரியாதை என்று பழகியிருந்தோம். விடியலில் ஒரு கோப்பை பிளேன்டீ, பிறகு பள்ளி விடும்வரை ஒரு சொட்டு இல்லை. அந்தப் பழக்கம் என்னை ஒன்றும் செய்யவில்லை. உனக்குச் சிறுநீரகத்தில் கல் வைத்தது.

முதல் கல் தானாக வெளியே வந்தபோது நீ அழுது ஓய்ந்துவிட்டு, அதைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினாய். உன்னைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை. உள்ளே வெங்காயம் மாதிரி வளையங்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு மெல்லிய தோல்.

"இது கல்லு இல்ல, என் ஒடம்பு. கல்லுக்குள்ள நான் இருக்கேன் புள்ள" என்றாய்.

இரத்தினபுரியில் எக்ஸ்ரே எடுத்து, இன்னொரு பெரிய கல் இருக்கிறது, கொழும்புக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்று கடிதம் கொடுத்தார்கள். அந்த யுத்த நாட்களில் தமிழர் கொழும்புக்குப் போவது என்றால் சும்மாவா? கடை வேலைக்குப் போன உன் தம்பியை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் திரும்பி வந்தவன் அதன்பின் வாய் திறந்து பேசவே இல்லை. "செத்தாலும் சாவேன், கொழும்புக்கு மட்டும் கூப்பிடாத" என்றாய். நான் கூப்பிடவில்லை.

கடிதத்தை அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு நீ பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனையில் இறங்கினாய். உடம்பு விடும் மெல்லிய படலத்தைப் பிடித்துக்கொண்டுதான் கல் வளருகிறது என்று நகரத்து நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருந்தாய். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை மூடி போட்ட மூன்று தட்டில் ஊற்றினாய். முதலாவதை அப்படியே விட்டாய். இரண்டாவதில் ஸ்பிரிட்டில் கரைத்த சவுக்காரம், குளிக்கிற சோப்புத்தான், ஒரே ஒரு சொட்டு. அது கண்ணுக்கே தெரியாத படலமாகப் பரவும் என்றாய். சவுக்காரத் துகளின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு ஆகாது. அதனால் தலை கீழே, வால் மேலே என்று நெருக்கமாக எழுந்து நின்றுவிடும், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பது போல. ஆனால் இங்கே கங்காணி இல்லை. யாரும் சொல்லாமல் தாமாகவே நிற்கும். அந்தத் தலைகள் நிற்கிற இடைவெளியைப் பார்த்துத்தான் அடியில் சுண்ணாம்புப் பளிங்கு பிடித்து வளரும் என்றாய்.

நான்காம் நாள் கண்ணாடித் துண்டால் அள்ளி ஜன்னலோரம் பிடித்தாய். முதல் தட்டின் பளிங்குகள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று மின்னின. இரண்டாவதைச் சாய்த்ததும் அத்தனையும் ஒரே நொடியில் மின்னி, ஒரே நொடியில் அணைந்தன. இருட்டுக்குள் ஒரு கூட்டம் சேர்ந்து கண் திறந்து மூடியது மாதிரி. நான் பின்னால் நகர்ந்தது உனக்குச் சிரிப்பாக இருந்தது.

மூன்றாவது தட்டில் சவுக்காரத்தோடு வாழைத்தண்டுச் சாறும் விட்டிருந்தாய். நீ தினமும் குடித்த அதே சாறு. அதில் மட்டும் ஒன்றுமே வளரவில்லை. பத்து நாளாகியும் வெறும் தண்ணீர். உன் வயிற்றுக்குள் இருப்பது வேறு கல் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டோம். "பாத்தியா, சாறு நிப்பாட்டிருச்சி" என்று சொன்னவளே நான்தான்.

இனித்தான் உனக்குச் சொல்லாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரவு இடாப்பு எடுக்கப் பள்ளிக்குப் போனேன். மழை இருட்டு, பிள்ளைகள் இல்லாத வாங்குகள், ஒரு சத்தம் இல்லை. சும்மா மூன்றாவது தட்டின் மூடியைத் தூக்கினேன். பளிங்குகள் அத்தனையும் சேர்ந்து ஒரு முறை மின்னின. சாறு நிறுத்தவில்லை, தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். அவை பொறுமையாகக் காத்திருந்து வளர்ந்திருக்கின்றன. யாரோ என் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. உன் முகமும், தம்பியின் முகமும் ஞாபகம் வந்தன. தட்டைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்க் கழுவி, புதுத் தண்ணீரும் சாறும் ஊற்றி மூடி வைத்தேன்.

மறுநாள் நீ பார்த்தாய். திரும்ப மூடி வைத்தாய். இன்னும் இரண்டு மாதம் சாறு குடித்தாய்.

காய்ச்சல் ஏறி நினைவு தப்பத் தொடங்கிய அன்று வேனில் உன் தலை என் மடியில் இருந்தது. திடீரென்று தெளிவாகக் கேட்டாய்.

"மூணாவது தட்ட நீதானே மாத்துன?"

நான் உன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டேன்.

"சவுக்காரம் விட மறந்துட்ட புள்ள. ஊதிப் பாத்தேன், தண்ணி நெளிஞ்சிச்சி. படலம் இருந்தா நெளியாது."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீ மாத்தாட்டி நானே மாத்தியிருப்பேன்."

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தள்ளியவர் சிங்களத்தில் "பய வெண்ட எப்பா, நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி என்று உன்னிடம்தான் சொன்னார். நீ பயப்படவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் காட்டினார். சிறுநீரகத்தின் உட்குழிவுகள் அத்தனையிலும் கிளைவிட்டு, மான்கொம்பாக நின்றது வெள்ளைக் கல். உன் உடம்பு சொன்ன வடிவத்தில் ஒரு இடம் பிசகாமல் வளர்ந்திருந்தது.

நீ வேனில் சொன்னது என்னை மன்னிப்பதற்கா, உண்மைதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் ஆறுதலாக இல்லை. உன்னைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை நான் கழுவி ஊற்றினேன். பழியில் பாதியை நீ எடுத்துக்கொண்டு போனாய். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், உன்னிடம்கூட.