ரவாங் தேங்காய்

போன சனிக்கிழமை மதியம் ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டேன். கிள்ளான் வீட்டு ஹாலில் ஒரு கொரியத் தொடரின் நான்காம் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று டிவிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது. அவள் அறைக்குள் வருகிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள், மேசைமேல் ஒரு கடிதம் இருக்கிறது என்றது. கதையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் குரல் மட்டும் ஓரமாக நின்றுகொண்டு நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று எழுந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டேன். கண் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் உன் பெயரைச் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை.

பத்தொன்பது வருடம் நாம் தியேட்டர் இருட்டில் குசுகுசுவென்று செய்த வேலைக்கு இப்போது ஒரு பொத்தான் வந்திருக்கிறது, டி. நீ போய்ப் பதினான்கு மாதம் கழித்து எனக்குக் கிடைத்திருக்கிறது.

குரல் நல்ல குரல்தான். நிதானம், சுத்தமான உச்சரிப்பு. ஆனால் அபிப்பிராயம் என்ற ஒன்று கிடையாது. கதாநாயகன் பச்சைச் சட்டைக்கு மஞ்சள் கால்சட்டை போட்டு வந்தால் அதையே சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. நானாக இருந்தால், "கிளி மாதிரி வந்து நிக்கிறான், இவனப் போயி அந்தப் பொண்ணு பாக்குது" என்று சொல்லியிருப்பேன். நீ சிரித்திருப்பாய். முன்வரிசையில் யாராவது திரும்பி முறைத்திருப்பார்கள்.

முதல் படத்துக்கு நான் அரைமனதாகத்தான் வந்தேன். கோலாலம்பூரில் அந்த அரசாங்க அலுவலகத்தில் நீ டெலிபோன் ஆப்ரேட்டர், நான் இரண்டாம் மாடியில் ஃபைல் எழுதுகிற கிராணி. ஒன்பது வயதுவரை உனக்குக் கண் தெரிந்திருந்தது என்பதும், அதனால் நிறங்களெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு சனிக்கிழமை நீயாகவே கேட்டாய். "பகல் ஷோவுக்கு வரியா? நான் காதுல பாத்துக்குவேன். பேச்சு இல்லாத எடத்துல மட்டும் நீ சொல்லு." எனக்கு அழகாகச் சொல்ல வராதே என்றேன். "அழகா யாரு கேட்டா? பாக்குறத சொல்லு. நீ நெனைக்கிறத தனியா சொல்லு. ரெண்டையும் போட்டு கலக்கிராத, அவ்ளோதான்."

இந்த ஒரு விதிதான் நமக்குள் இருந்தது. அதை நான் ஒரே ஒரு முறை வேண்டுமென்றே மீறினேன். அதற்காகத்தான் இந்த மடலே.

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கோட்டைக் கைத்தடியால் தடவிக்கொண்டு நீ எனக்கு முன்னால் விறுவிறுவென்று போவாய். கண் தெரிந்த நான்தான் பின்னால் கல் தடுக்கித் தடுமாறிக்கொண்டு வருவேன். தியேட்டரில் ஒரு பையன் திரும்பி, "ஆன்டி, கொஞ்சம் மெதுவா பேசுங்க லா" என்றபோது நீ சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். "பாஸ், ஒங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. எனக்கு இவ வாயி மட்டுந்தான் இருக்கு." அவன் அதற்குமேல் திரும்பவில்லை. இடைவேளையில் நமக்குக் கச்சாங் பூத்தே கடலை ஒரு பொட்டலம் வாங்கி வந்து நீட்டினான்.

உன் காதைப் பற்றி நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒரு கொலைப் படத்தில், முதல் பத்து நிமிடத்திலேயே என் கையைத் தட்டி, "இந்த ஆளு ஏன் செருப்பு போடல?" என்று கேட்டாய். யார் என்றேன். "இப்ப மாடிப்படி ஏறுனான்ல, அவன்தான்." நான் படியைப் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. கடைசியில் கொலைகாரன் வெறுங்காலோடு நடந்தவன் என்று போலீஸ் கண்டுபிடித்தபோது தியேட்டரே வாயைப் பிளந்தது. நீ பொட்டலத்தின் அடியில் கிடந்த கடலையைத் தேடிக்கொண்டிருந்தாய். கண்ணை வைத்துக்கொண்டு நான் இத்தனை நாள் என்னதான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே கொமுட்டர் ரயிலில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தத் தேங்காய்க் கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! உன் ஃபிளாட்டில் ஒரு கொரிய ராஜா கதை ஓடிக்கொண்டிருந்தது. மலாய் எழுத்து கீழே ஓட ஓட நான் தமிழில் சொல்ல வேண்டும். கண்ணாடியை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். "ராஜாவுக்கு பயங்கர கோவம். எதிரியோட தேங்காய கொண்டாங்கடான்னு கத்துறாரு" என்றேன். நீ டிவி பக்கம் காதைத் திருப்பினாய். பிறகு மெதுவாக, "எதுக்குடி? அர்ச்சனைக்கா?" என்றாய். மலாயில் கெப்பாலா என்றால் தலை, கெலாப்பா என்றால் தேங்காய். ராஜா கேட்டது தலையை. அன்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி என்னவென்று கேட்டார். அதிலிருந்து நான் எதையாவது தப்பாகச் சொன்னாலோ, பார்க்காததைக் கூட்டிச் சொன்னாலோ, நமக்குள் அதற்குப் பெயர் தேங்காய். "இது படமா, தேங்காயா?" என்று இருட்டில் கேட்பாய்.

நீ போன பிறகு பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எனக்குப் படமே முடிவதில்லை. ஒரு துப்பறியும் தொடர் பார்த்தேன். எட்டு பாகத்திலும் ஒருத்தனாவது விளக்கைப் போட வேண்டுமே! அவ்வளவு இருட்டு. நீயும் நானும் சரிசமமாக உட்கார்ந்து பார்க்கலாம். பெரிய நடிகர் படம் ஒன்றும் வந்தது. அவர் கதவைத் திறந்தாலும் மேளம், மூடினாலும் மேளம். இந்த மாதிரி இசையை, உயரமான ஆள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நீ திட்டுவாய். அப்புறம் நம் ஊர்ப் பிள்ளைகள் பண்டமாரானில் எடுத்த சின்னப் படம் ஒன்று. அதில் ஒரு லோரி டிரைவர் காலையில் வீட்டுக்குள் வந்து மனைவியிடம், "பசியாறிட்டியா?" என்று கேட்கிறார். மெட்ராஸ்காரர் மாதிரி இழுக்காமல், நம் வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. நம் பேச்சுக்கும் திரையில் இடம் இருக்கிறது என்று உன் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

அப்போது உன் மகன் குமரன் உன்னோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உன்னிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ரவாங்கில் குடியேறிவிட்டான். நீயும் கோபத்தில், என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாய். அவன் அப்படியே மிதிக்காமல் இருந்துவிட்டான். "அவன்தான் மொதல்ல வரணும். பெத்தவ நானா போயி நிக்கிறது?" என்பாய். ஆனால் உன் வீட்டு லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உன் தலை அந்தப் பக்கம் திரும்பும்.

படத்தில் ஒரு தாய். கோபித்துக்கொண்டு போன மகன் வருவான் என்று பேருந்து நிறுத்தத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருக்கிறாள். கடைசி மூன்று நிமிடம் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. தூரத்தில் பேருந்து வருகிறது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்தப் பிடி எனக்கு வலித்தது.

"வந்தானா?"

திரையில் பேருந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"வந்துட்டான்" என்றேன்.

"எறங்கிட்டானா?"

"எறங்கிட்டான். அம்மா கையில இருந்து தூக்க வாங்கிக்கிட்டான். ரெண்டு பேரும் நடந்து போறாங்க."

நீ என் கையை விட்டாய். விளக்குகள் எரிந்தன. எந்தப் படம் முடிந்தாலும் எழுந்திருப்பதற்கு முன்பே படம் நல்லா இருக்கு, இல்லை குப்பை என்று தீர்ப்புச் சொல்கிறவள் அன்று கைத்தடியை மெதுவாகப் பிரித்துக்கொண்டே, "நல்லா சொன்னே டி" என்றாய். அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ஏறித் தனியாக ரவாங் போனாய். குமரன் கதவைத் திறந்து உன்னைக் கண்டதும், ஓவென்று அழுதானாம். அதன்பிறகு உன் வீட்டில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்காத வாரம் கிடையாது.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் முள். கண் தெரியாத ஒருத்தி என் கண்ணை நம்பி உட்கார்ந்திருந்தாள், அவளிடம் நான் பொய் சொன்னேன் என்பது ஏழு வருடமாக உறுத்தியது. என் பொய்யை நம்பித்தான் நீ உன் மகனிடம் போனாய் என்று நினைத்தேன். நன்மையில் முடிந்தாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதானே? ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்த பஸ் ஸ்டாப் படம் இருக்குல்ல" என்று ஆரம்பித்தேன். நீ கையை உயர்த்தினாய். "நல்ல படம் அது. இப்ப பேசி கெடுத்துறாத லா." பன்னிரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

போன சனிக்கிழமை அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. அந்தப் படத்தைத் தேடினேன், கிடைத்தது. இந்தப் படத்துக்குப் பொத்தானும் இல்லை, குரலும் இல்லை. கண்ணை மூடினால் நான் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவேன் என்று உனக்கே தெரியும். அதனால் ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடைசி மூன்று நிமிடத்தை உன்னைப்போல் பார்த்தேன்.

முதலில் காற்று. அந்தத் தாயின் கண்ணாடி வளையல். தூக்கின் கைப்பிடி ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு தூரத்தில் பேருந்து. சத்தம் வளர்ந்து வளர்ந்து, என் இடது காதுக்குள் வந்து, அப்படியே வலது காது வழியாகப் போய்விட்டது. பிரேக் பிடிக்கவில்லை. கியர்கூட மாறவில்லை. கதவு திறக்கும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் காற்று. அதன்பிறகு நடக்கிற சத்தம். நான் அன்று உனக்கு இரண்டு பேரை நடக்கவிட்டேன். கேட்டது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு.

துண்டை அவிழ்க்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேட்கத் தெரியாத என் காதுக்கே இவ்வளவு கேட்டதென்றால் உனக்கு? வெறுங்காலில் படியேறியவனைப் பிடித்தவளுக்கு, நிற்காமல் போன பேருந்து கேட்காமலா போயிருக்கும்? நான் பொய்யை ஆரம்பிப்பதற்கு முன்பே உனக்கு உண்மை தெரிந்துவிட்டது. அவன் வந்தான் என்று நம்பியிருந்தால், உன் மகனும் வருவான் என்று நீ வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாய். பேருந்து நிற்காது என்று தெரிந்ததால்தான் நீயே கிளம்பிப் போனாய். இந்தச் சின்னக் கணக்கு எனக்கு ஏழு வருடமாகப் புரியவில்லை. உன் தீர்ப்புகூட அன்று படத்தைப் பற்றியதே இல்லை. 'நல்லா இருந்துச்சு' என்று நீ சொல்லவில்லை. 'நல்லா சொன்னே' என்றாய். எனக்காக அந்தப் பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசிவரை நான் வெட்கப்படாமல் பார்த்துக்கொண்டாயே, எப்பேர்ப்பட்ட மனுஷி நீ!

இப்போதெல்லாம் எந்தப் படம் பார்த்தாலும் பேச்சில்லாத இடத்தில் என் உதடு அசைகிறது. பார்ப்பதைச் சொல்கிறேன், நினைப்பதைத் தனியாகச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்கவும் செய்கிறேன். தியேட்டரில் பக்கத்துச் சீட்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் அந்தத் துண்டுக்குள்தான் ஞாபகம் வந்தது. ரவாங் போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை, என் மேசைக்கு வந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை வைத்தாய். பிரித்தால், குடுமியோடு ஒரு தேங்காய். "இத போயி ரவாங்லேருந்து தூக்கிட்டு வந்தியா? பிரிக்ஃபீல்ட்ஸ்ல தேங்காய்க்கு என்ன பஞ்சம்?" என்று கேட்டேன். "அங்க பாசார்ல வாங்குனேன். ஒனக்குத்தான்" என்றாய். ராஜாவின் தேங்காயெல்லாம் எப்போதோ பழைய கதையாகியிருந்தது, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே உடைத்துச் சட்னி அரைத்து, தோசையோடு உனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தேன்.

நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்டாய்.

"நல்ல தேங்காய்தான்" என்றேன்.

"ஆமா லா" என்றாய். "ரொம்ப நல்ல தேங்காய்."