நாகூர் ரத்தம்

அன்பு மகளுக்கு,

நீ கானாவுக்குத் திரும்பக் கூடாதென்று நான் அழுததாகப் பிடோக்கில் உன் மாமி சொல்லி வருகிறார். நான் அழவில்லை. கேள்விதான் கேட்டேன்.

அங்கே வேலைக்குப் போன இடத்தில், ஒரே முகாமில் உனக்கும் உன் தம்பி ஜாஃபருக்கும் மலேரியா வந்தது. நீ பிழைத்தாய். அவனை அங்கேயே அடக்கினார்கள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

"நம்மது நாகூர் ரத்தம் லா உம்மா, கொசு என்ன செய்யும்?" என்கிறாய். இதையே சொல்லித்தான் அவன் தடுப்பு மாத்திரையை நிறுத்தினான்.

சிராங்கூன் சாலை மருத்துவரைக் கேட்டேன். நோய் எதிர்ப்புச் சக்திக்கான மரபணுக்கள் உடன்பிறந்தவர்களுக்கே வேறுபடுமாம். நல்லவை வாய்த்தாலும் ஆபத்து குறையுமே தவிர நீங்காதாம்.

நீ போய்விடுவாய், தெரியும். மாத்திரையாவது சாப்பிடுவாயா? தொலைபேசியில் சிரித்து மழுப்பாதே. பதிலை எழுதி அனுப்பு.

உன் உம்மா