எவால்டோ கண்ணைத் திறந்து வாசிக்கிறார்

ரெசிஃபி,
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்புத் தம்பி ஜெனிவாலுக்கு,

அண்ணி சுலெய்டி எழுதுவது. லிஸ்பனில் குளிர் விட்டதா? இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கார்டியனை மடியில் வைத்தால் உன் அண்ணன் எவால்டோ கண்ணை மூடிக்கொள்வார். "உன் புருஷன் தூக்கத்துலயே வாசிக்கிறாருடி" என்று நடன மண்டபத்துக்கார மார்லூசி அக்கா கிண்டல் செய்வாள். கார்னிவல் முடிந்ததிலிருந்து அவர் கண்ணை மூடுவதே இல்லை. எதிரே ஜோடி ஜோடியாக ஃபொஹோ நடனம் ஆடுகிறவர்களின் காலையே பார்க்கிறார். "கெழவருக்குப் பார்வை போற எடத்தப் பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது.

போன வெள்ளிக்கிழமை, பாட்டு நடுவில் என் மேளத்தின் தோல் கிழிந்துவிட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். ஜோடிகள் ஒவ்வொன்றாக நின்ற பிறகுதான் அவரும் நின்றார். தம்பி, உன் அண்ணனுக்கு மேளம் கேட்கவில்லை. காலைப் பார்த்துத்தான் தாளம் பிடிக்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கென்ன கேடு? உனக்குத்தான் கை தளந்துபோச்சு. நல்லா ஓங்கி அடி" என்கிறார். அடித்து அடித்து என் தோள் வீங்கிக் கிடக்கிறது.

இப்போது மார்லூசி அக்கா புது விளக்குப் போடுகிறாள். "ஜூன் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வரும். வெளிச்சத்தக் கொறச்சாத்தான் ஜோடிங்க ஒட்டி ஆடும்" என்கிறாள். வேண்டாம் என்றேன், காரணம் சொல்ல முடியவில்லை. இருட்டில் அவர் எதைப் பார்த்து வாசிப்பார்? ஒரு ராத்திரி தடுமாறினால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அவர் அக்கார்டியனைத் தொடவே மாட்டார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். மேடையை ஒட்டி நின்று ஆடினால் என் கால் மங்கல் வெளிச்சத்திலும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆடிக்கொண்டே மேளமும் அடிக்க எனக்கு இரண்டு உடம்பா இருக்கிறது? நீ கோபித்துக்கொண்டு போகும்வரை அந்த மேளம் உன்னுடையதுதானே. இந்த ஊரில் மேளக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. காது கேட்காத மனிதருக்குப் பின்னால் உட்கார்ந்து, அதை வெளியே சொல்லாமல் அடிக்கிற ஆள்தான் இல்லை.

திருவிழா நாயகர் புனித யோவான் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். திருவிழாவுக்கு முன்பே வந்துவிடு, தம்பி. வந்ததும் அவரிடம் உரக்கப் பேசிவிடாதே.

உன் அண்ணி,
சுலெய்டி