கஞ்சி நோட்டு

ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்,
ஆவடி.
10.6.1988

அன்புள்ள மேரி,

நலம். வயிறு மட்டும் நலமில்லை. அனாட்டமி வைவா அன்று, வாய்மொழிக் கேள்விக்கு என்னை அழைக்கும் நேரத்தில் கழிவறைக்குள் போனவள், தேர்வு முடியும்வரை வெளியே வராமல், மறுநாளே ரயிலேறி வந்துவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை, கோபிக்காதே. இங்கே மூன்று முறை மலப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே. ஒன்றுமில்லை என்கிறார்கள். குடலில் காசநோய் என்று புத்தகத்தைப் பார்த்து நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

எதிர்வீட்டு தாட்சாயிணி அக்கா, "இன்னா கஸ்தூரி, டாக்டருக்குப் படிச்சிகினு நீயே வவுத்தப் புட்சிகினு கீறே" என்று தினமும் கேட்கிறாள். அம்மா ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டியபடி மோர்சாதம் பிசைகிறாள். செப்டம்பர் மறுதேர்வுக்கு நான் வரப்போவதில்லை. படிப்பை விடுவதாக அப்பா அடுத்த வாரம் கல்லூரிக்கு எழுதுகிறார். படிக்க வாங்கிய என் எலும்பு செட்டை நீயே வைத்துக்கொள்.

உன்,
கஸ்தூரி

மகளிர் விடுதி,
திருநெல்வேலி.
15.6.1988

அடி கஸ்தூரி,

உன் எலும்புகள் எனக்கு வேண்டாம். என்னுடையதைத் தூசி தட்டவே நேரமில்லை.

இந்த மாதம் மெஸ் செயலாளர் நான்தான். வயிறு சரியில்லாதவர்கள் கஞ்சிக்குப் பெயர் எழுதும் நோட்டு என்னிடம் இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் ஒன்றரை வருடத்தையும் புரட்டினேன். ஒன்பது முறை எழுதியிருக்கிறாய். ஒன்பதும் வைவாவுக்கு முந்தைய நாள். காசநோய் தேர்வு அட்டவணை பார்த்தா வரும்?

நீ விடிந்ததும் முதல் ஆளாக எழுதிவிடுவாய். கஞ்சியும் அறைக்கே வந்துவிடும். உனக்குக் கீழே யார் என்று பார்த்திருக்க மாட்டாய். அதே நாட்களில் பத்துப் பதினோரு பேர் இருக்கிறார்கள். மெடல் வாங்கிய ஜமீலாவும் உண்டு. நானும் எட்டு முறை எழுதியிருக்கிறேன். கேட்டால் எல்லாரும் சாம்பாரைத்தான் குறை சொல்வோம்.

நம் விடுதி டாக்டர் புஷ்பா மேடத்திடம் கேட்டேன். பயம் குடலை முறுக்கும், வலி பொய்யில்லை என்றார். நீ வந்தால் தானே மருந்து தருகிறாராம். உன் அப்பா கல்லூரிக்கு எழுதுமுன் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

அன்புடன்,
சகாயமேரி

மகளிர் விடுதி,
திருநெல்வேலி.
22.9.1988

அன்பு மேரி,

ஐயப்பன்தாங்கலில் உன் ஜெயசீலி அக்கா கல்யாணம் நல்லபடி முடிந்திருக்கும். நீ திரும்பி வரும்வரை பொறுக்காமல் எழுதுகிறேன். நேற்று எனக்கு வைவா. மருந்து சாப்பிட்டும் வயிறு கலக்கியது. உட்கார்ந்ததுமே தேர்வாளரிடம், "சார், பயத்தில் எனக்கு வயிறு கலக்கும். நடுவில் எழுந்து போகவேண்டி வரலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போயிட்டு வாம்மா. எலும்பு எங்கே ஓடப்போகுது?" என்றார். போனேன். திரும்பியும் வந்தேன். பாஸ்.

வலி போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். நீ தைரியம் மட்டும் சொல்லியிருந்தால் நான் ஆவடியிலேயே இருந்திருப்பேன். உன் எட்டு முறையையும் சொன்னாய் பார், அதற்காகத்தான் ரயிலேறினேன். நன்றி, மேரி.

உன்,
கஸ்தூரி