பீன்ஸ் கூடையும் தரச்சான்றும்

என் அக்கா ஈன்ற அருமை மருமகளுக்கு,

முதியோர் இல்லத்தின் கடைசி அறையில் ஏகச் சக்கரவர்த்தியாக ஆட்சி புரியும் உன் தாய்மாமன் ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். என் முழங்கால் மட்டும் தனிநாடு கேட்டுப் போராடுகிறது. உன் அம்மாவும் உடம்பளவில் நலம்.

நீ வற்புறுத்தியபடியே இல்லத்துக்குத் தரச்சான்று கிடைத்துவிட்டது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மேலாளர் அம்மா துடைக்கிற துடைப்பில் கண்ணாடி தேய்ந்து காற்றாகிவிடும். நல்லதும் நிறைய நடந்திருக்கிறது. குளியலறைகளில் கைப்பிடி வந்தது. மாத்திரை மாறிப்போவதில்லை. மணி அடித்தால் ஆள் வருகிறது. முன்பெல்லாம் அடித்தவருக்கு அடுத்த பிறவியில்தான் தண்ணீர்.

மற்றதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துவிட்டேன்.

உன் அம்மா காலையில் இல்லத்துச் சமையலறை மூலையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிப்பாள், உனக்குத் தெரியும். யாரும் சொல்லி அல்ல. என்னையே யாரென்று கேட்பவள், கூடை மடிக்கு வந்ததும் வாய் திறந்துவிடுவாள். "பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு, அடுப்ப பத்த வையப்பா" என்று சமையல்காரரை அதட்டுவாள். அவரும் "இதோ ஆச்சுக்கா, பஸ் இன்னும் வரல" என்பார். அந்தப் பாப்பா நீதான்.

தரச்சான்றுக்காக ஆய்வுக்குழு வந்தபோது ஓர் அதிகாரி அம்மா, இங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஆள் கிடைத்தால் போதாதா? அக்காவின் பெருமையைப் பாடுவதாக நினைத்து, "எங்க அக்கா சாதாரண ஆளா? விடியறதுக்குள்ள மலை மலையா காய் நறுக்கிடுவா. அவ இல்லன்னா இந்த இல்லமே பட்டினி" என்று அளந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அவர் எழுத எழுத நான் மலையை இன்னும் உயர்த்தினேன்.

இருப்பவர்களை வேலை வாங்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், எங்கெங்கோ பெரியவர்களைப் பிழிந்தெடுக்கிறார்களே. மறுநாளே சமையலறைக்குப் பூட்டு வந்தது. நான் சொன்னது கொஞ்சம் கூடுதல் என்று மேலாளரிடம் போய் நின்றேன். "எத நம்பறது மாமா? அன்னைக்குச் சொன்னதையா, இன்னைக்குச் சொல்றதையா?" என்றார்.

அக்கா இப்போது பூட்டிய கதவருகே போய் நிற்கிறாள். பிறகு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து துண்டின் ஓரத்தை உரிக்கிறாள். அதட்டல் இல்லை. பாப்பா இல்லை. சமையல்காரர் ஜன்னல் வழியாக "அக்கா, பஸ் இன்னும் வரல" என்று குரல் கொடுத்தும் பார்த்துவிட்டார். அவள் திரும்பவில்லை.

மகள் எழுதிக் கேட்டால் அக்காவின் பராமரிப்புத் திட்டத்தில் பீன்ஸ் உரிப்பதைச் சேர்க்க வழியிருக்கிறதாம். மேலாளரே சொன்னார். "நீங்க எழுதாதீங்க மாமா" என்றும் சொன்னார். நீ எழுதம்மா. அது வேலை அல்ல, அவளுடைய ஆசை என்று எழுது. கைப்பிடி பீன்ஸ் போதும். மலை வேண்டாம்.

முடிந்தால், கூடை மறுபடி மடிக்கு வரும் நாளில் நீயும் வா.

இந்தக் கடிதத்தில் முழங்காலையும் கண்ணாடியையும் கழித்துக்கொள். அக்காவைப் பற்றி எழுதியதில் கழிக்க ஒன்றுமில்லை.

நீ போகுமிடமெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர, உன் அம்மாவின் சார்பில் என் ஆசிகள்.

உன் தாய்மாமன்